ஒரு பென் டிரைவ், 800 மேடைகள்: டிஜே அவீச்சியை நிற்கவிடாமல் ஓடவைத்தது எது?

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். 2013-ல் வெளியான 'வேக் மீ அப்' பாட்டு உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும், அந்த கிட்டார் ஆரம்பித்த மூன்றாவது நொடியில் 'ஓ, இதுவா!' என்பீர்கள். காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஜிம், மால், ரீல்ஸ் என்று ஓடாத இடமே இல்லை. அந்தப் பாட்டை எழுதிய மூவரில் ஒருவர், அதைப் பாடியவரும் அவரேதான், ஆலோ பிளாக். 2014 நவம்பரில் 'வயர்ட்' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பண்டோரா என்ற அமெரிக்க இணைய வானொலியில் அந்தப் பாட்டு 16.8 கோடி முறைக்கு மேல் ஓடியிருக்கிறது. பாட்டை எழுதியவர்களுக்கான ராயல்டியாக அங்கிருந்து வந்தது 12,359 டாலர். அதை மூன்று பேரும் அவர்களுடைய பதிப்பு நிறுவனங்களும் பிரித்துக்கொண்டதில் ஆலோ பிளாக்கின் கைக்கு வந்தது 4,000 டாலருக்கும் குறைவு.

வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 13,600 முறை ஓடினால் ஒரு டாலர். அதுவும் ஒருத்தருக்கு இல்லை, எல்லாருக்கும் சேர்த்து.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே ஒரு சேவையின் கணக்கு. அதிலும் எழுத்து ராயல்டி மட்டும். பதிவின் உரிமை, டவுன்லோடு விற்பனை, ரேடியோ எல்லாம் தனி. அந்தப் பாட்டின் முகவரியாக இருந்தவர் ஒன்றும் ஏழையாகிவிடவில்லை. அதே 2014-ல் அவர் 2.8 கோடி டாலர் சம்பாதித்ததாக ஃபோர்ப்ஸ் கணித்தது. ஆனால், இந்த மாதிரி டிஜேக்களின் பட்டியலில் வரும் பெரிய தொகைகளில் பெரும்பங்கு ராத்திரி ராத்திரியாக மேடை ஏறி வாங்கும் காசு. பாட்டு ஊருக்கெல்லாம் பெயரைக் கொண்டுபோகும், சம்பளம் மேடையிலிருந்துதான் வரும்.

அந்த 'முகவரி'தான் டிம் பெர்க்லிங். உலகத்துக்கு அவீச்சி.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'புகழ், குடி, சோகம்' என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சின்ன வயசு, கையில் காசு, கட்டுப்பாடு இல்லை, அவ்ளோதான் என்று ஒரு கதை. எனக்கு அந்தக் கதையில் உடன்பாடு இல்லை. அவீச்சியின் கரியரை வருஷ வாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. ஒரு வேலையில் அபார கெட்டிக்காரராக இருந்த ஒருவரை, அந்த வேலைக்குச் சரியாகக் காசு தராமல், அவருக்கு ஒத்துவராத இன்னொரு வேலையைச் செய்யச் சொல்லி உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டே இருந்தது ஒரு தொழில். அந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான் அவீச்சியைப் புரிந்துகொள்ள முடியும்.

முதலில், அவர் யார்?

1989 செப்டம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். அம்மா ஆங்கி லிடேன் சுவீடனில் தெரிந்த நடிகை. பையன் கூச்ச சுபாவம். வீட்டில் இருந்த கம்ப்யூட்டரில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு டீன் ஏஜிலேயே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். இந்த மென்பொருளைப் பழைய ஆட்கள் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்றால்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள். முறையான இசைப் பயிற்சி எதுவும் பெரிதாக இல்லை. மெலடி மட்டும் தண்ணீர் மாதிரி வந்தது.

2008-ல் பிபிசி ரேடியோ 1-ல் பீட் டாங் நடத்திய புதுமுகங்களுக்கான போட்டியில் அவருடைய 'மான்மான்' என்ற டிராக் ஜெயித்தது. அதே காலத்தில்தான் ஆஷ் பூர்நூரி என்ற இளம் மேனேஜர் அவரைத் தேடி வந்தார். உன்னைப் பெரிய ஆளாக்கிக் காட்டுகிறேன் என்று வந்தவர், காட்டவும் செய்தார்.

பெயர்க் கதையும் சுவாரஸ்யமானது. பௌத்தத்தில் நரகங்களிலேயே அடிமட்டத்தில் இருப்பது அவீசி. யாரோ நண்பர் சொன்னதை வைத்து அதையே பெயராக எடுத்துக்கொண்டார். மைஸ்பேஸ் தளத்தில் அந்த எழுத்துகளில் ஏற்கெனவே யாரோ கணக்கு வைத்திருந்ததால் கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்ந்தது. 'அவீசி' என்ற சொல்லுக்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று 'இடைவெளி இல்லாதது'. அங்கே வேதனைக்கு நடுவில் மூச்சு விட ஒரு கணம்கூடக் கிடையாதாம். பெயர்ப் பொருத்தத்தை வைத்து விதி, ராசி என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால், 'இடைவெளி இல்லாதது' என்பதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2011 அக்டோபரில் 'லெவல்ஸ்' வெளியானது. எட்டா ஜேம்ஸ் 1962-ல் பாடிய ஒரு பாட்டிலிருந்து ஒரு துண்டுக் குரல், அதைச் சுற்றி, ஒரு தடவை கேட்டால் ஒரு வாரம் மண்டையை விட்டுப் போகாத ஒரு சின்த் மெலடி. வெளியாவதற்கு மாதங்கள் முன்பே பெயரில்லாமல் கிளப்புகளிலும் ரேடியோவிலும் சுற்றிக்கொண்டிருந்த பாட்டு அது. கிராமி பரிந்துரை வரை போனது. அப்போது அவருக்கு வயசு 22.

இரண்டு வேலை, ஒரு ஆள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம 'டிஜே' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு தொழில்.

ஒன்று, புரொட்யூசர் வேலை. அறையில் தனியாக உட்கார்ந்து செய்வது. கிக் டிரம்மின் ஒரே ஒரு அடி எப்படி ஒலிக்க வேண்டும், பேஸ் அதன் மேல் ஏறாமல் எங்கே ஒதுங்க வேண்டும், எட்டு பார் வரும்வரை மெலடியை எப்படி இழுத்துப் பிடித்து வைத்து எந்த நொடியில் 'டிராப்'பை விடுவது, இதையெல்லாம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் செய்யும் வேலை. தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் வரக்கூடிய உழைப்பு. கூட்டம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், பேசவே வேண்டாம்.

இன்னொன்று, டிஜே வேலை. ராத்திரி ஒரு மணிக்கு ஆயிரக்கணக்கான பேர் முன்னால் நின்று, பாட்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்து, கூட்டத்தின் மூடைப் படித்து, கையைத் தூக்கி, சிரித்து, இரண்டு மணி நேரம் எல்லாரையும் குதிக்க வைப்பது. சின்னக் கிளப்பில், பார்வையாளரின் முகத்தைப் பார்த்தே அடுத்த பாட்டை எடுக்கும் டிஜேக்களுக்கு இது தனிப் பெரிய கலை. சந்தேகமே இல்லை. ஆனால், பெரிய ஃபெஸ்டிவல் மேடையில் லைட், வீடியோ, வாணவேடிக்கை எல்லாம் பாட்டின் நொடிக்கு ஏற்றபடி முன்கூட்டியே பூட்டப்பட்டிருக்கும். அங்கே டிஜேவின் கையில் மிச்சமிருக்கும் சுதந்திரம் கம்மி.

2012-ல் டெட்மௌஸ் என்ற கனடியத் தயாரிப்பாளர் இதைப் போட்டு உடைத்தார். பெரிய மேடைகளில் நாங்கள் எல்லாரும் கடைசியில் பிளே பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்கிற மாதிரி தன் பக்கத்தில் எழுதினார். பெரிய சண்டை ஆனது. அந்தச் சண்டையில் எல்லாரும் வசதியாக மறந்த பகுதி ஒன்று உண்டு. எங்கள் திறமையைக் காட்டும் இடம் ஸ்டூடியோ என்பதும் அவர் அங்கே சொன்னதுதான்.

ஆக, திறமை ஸ்டூடியோவில், சம்பளம் மேடையில். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் அவீச்சியின் மொத்தக் கரியரும் ஓடியது. கூட்டத்தைப் பார்த்தால் படபடப்பு வரும் என்றும், குடித்தால் தைரியம் வரும் என்றும் அவரே பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அவருடைய 'ஆபீஸ்' எது என்று யோசியுங்கள். கிளப். டேபிளில் இலவசமாக மது வைக்கப்பட்டிருக்கும், யாரும் ஏன் குடிக்கிறாய் என்று கேட்காத, குடிக்காவிட்டால்தான் ஏன் என்று கேட்கும் ஒரே வேலையிடம். 'கட்டுப்பாடு இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பிரேக் இல்லாத வண்டி

ஒரு ராக் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர், மேடை, லைட் எல்லாம் லாரி லாரியாக ஊர் விட்டு ஊர் போக வேண்டும். மேடை கட்டப் பல நாள், பிரிக்க ஒரு நாள். பாடகருக்குத் தொண்டை கட்டினால் ஷோ ரத்து. அதனால் பாடகருக்கு ஓய்வு நாள் கொடுத்தே ஆக வேண்டும். நான்கு பேரில் ஒருத்தர் முடியவே முடியாது என்று உட்கார்ந்துவிட்டால் மற்ற மூவரும் நின்றுதான் ஆக வேண்டும். அந்தத் தொழிலும் யார் மேலும் கருணை காட்டுவதில்லை. அதன் கனம்தான் அதற்கு பிரேக் போடுகிறது.

டிஜேவுக்கு இந்தக் கனம் கிடையாது. ஒரு ஹெட்ஃபோன், இரண்டு யூஎஸ்பி பென் டிரைவ். மிக்ஸர், பிளேயர் எல்லாம் போகிற இடத்தில் தயாராக இருக்கும். தொண்டை பிரச்னை இல்லை, உடன் வாசிப்பவர் இல்லை. மதியம் ஒரு நகரத்தில் பூல் பார்ட்டி, ராத்திரி இன்னொரு நகரத்தில் கிளப் என்று ஒரே நாளில் இரண்டு ஷோகூட சாத்தியம். உடம்பு மட்டும் விமானத்தில் ஏறினால் போதும்.

சரி, சீசன் முடிந்தால் ஓய்வு இருக்குமே? அதுவும் இல்லை. ஐரோப்பாவின் கோடையில் இபிசா தீவு. அங்கே குளிர் வந்தால் ஆஸ்திரேலியாவில் கோடை. லாஸ் வேகஸுக்கு சீசனே கிடையாது, வருஷம் முழுக்க ராத்திரிதான். நடுவில் மியாமி, ஆசியா, தென் அமெரிக்கா. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் எங்கேயாவது ஒரு சனிக்கிழமை ராத்திரி இருந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு மேல் முதலீட்டுக்காரர்கள். அந்த வருஷங்களில் இடிஎம்மில் கொட்டிய பணம் சாதாரணமானது இல்லை. எஸ்எஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஃபெஸ்டிவல்களையும் பீட்போர்ட் என்ற பாட்டு விற்பனைத் தளத்தையும் வாங்கிக் குவித்து, 2013 அக்டோபரில் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 13 டாலர் என்று இறங்கியது. 2016 பிப்ரவரியில் திவால் மனு. அந்த மூன்று வருஷ வெறியில், மேடையின் மேல் கூட்டத்தை இழுக்கும் பெயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். 2012, 2013 இரண்டு வருஷமும் டிஜே மேக் இதழின் உலகப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த அவீச்சி அதில் ஒருவர். எல்லாருக்கும் அவர் வேண்டும், எல்லாருக்கும் இந்த வாரமே வேண்டும்.

மேனேஜரை வில்லனாக்குவது இந்தக் கதையில் எல்லாரும் செய்யும் வேலை. ரசிகர்கள் இன்றைக்கும் ஆஷ் பூர்நூரியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. மேனேஜருக்கு வருமானத்தில் ஒரு சதவீதம். புக்கிங் ஏஜென்ட்டுக்கு ஒவ்வொரு ஷோவிலும் ஒரு சதவீதம். டூர் மேனேஜர், லைட் ஆள், வீடியோ ஆள் எல்லாருக்கும் ஷோ இருந்தால்தான் சம்பளம். கிளப்காரருக்கு டேபிள் விற்க வேண்டும். ஃபெஸ்டிவல்காரருக்கு போஸ்டர் போட்டாகிவிட்டது. இந்த வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக நல்லவராகவே இருக்கட்டும். அவர் ஓய்வெடுத்தால் காசு வரும் ஆள் இதில் ஒருத்தர்கூட இல்லை. நல்ல நண்பர்களை வைத்துக்கொண்டே ஒருவரைத் தேய்த்து எடுத்துவிட முடியும். அதற்குக் கொடூரம் தேவையே இல்லை, கமிஷன் போதும்.

உடம்பு கொடுத்த நோட்டீஸ்

2012 ஜனவரியில், 22 வயதில், கடுமையான கணைய அழற்சியோடு நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். காரணம் அதிகக் குடி. 2013 மார்ச் வாக்கில் ஆஸ்திரேலியாவில் மறுபடி ஆஸ்பத்திரி. 2014 மார்ச்சில் பித்தப்பை, குடல்வால் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அந்த மாதம் மியாமியின் அல்ட்ரா ஃபெஸ்டிவலில் அவருக்குப் பதில் மேடை ஏறியவர் அதே டெட்மௌஸ்.

இந்தத் தேதிகளை அவருடைய பாட்டுகளின் தேதிகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், திகைப்பாக இருக்கும். 2013 மார்ச், அல்ட்ரா மேடை. இடிஎம்மின் உச்சத்தில் இருக்கும் ஒருவர், டிராப்புக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் பாஞ்சோ, கிட்டார் என்று நாட்டுப்புற இசைக்காரர்களை ஏற்றினார். புளூகிராஸ் பாடகர் டான் டைமின்ஸ்கி, 'இன்குபஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் மைக் ஐன்சிகர், ஆலோ பிளாக் எல்லாரும் நேரடியாக வாசித்துப் பாடினார்கள். கூட்டம் குழம்பிப்போனது. இவருக்கு என்ன ஆச்சு என்று இணையத்தில் கழுவி ஊற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, அதில் முதன்முதலாக ஒலித்த 'வேக் மீ அப்' வெளியாகி பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் முதலிடம். செப்டம்பரில் 'ட்ரூ' ஆல்பம். நாட்டுப்புற கிட்டாரும் நாலு-நாலு கிக்கும் சேர்ந்தால் வேலைக்காகாது என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. அடுத்த சில வருஷம் பாப் உலகமே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடியது.

இரண்டு ஆஸ்பத்திரி படுக்கைகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் செய்த வேலை இது. 2014-ல் கோல்ட்ப்ளேயின் 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்', பிறகு மடோனாவின் ஆல்பத்தில் பங்கு, 2015-ல் 'ஸ்டோரீஸ்'. இதைப் பார்த்துவிட்டு 'பாருங்க, பிரஷர்லதான் நல்ல வேலை வரும்' என்று சொல்பவர்கள் உண்டு. நம்ம ஆபீஸ்களிலும் இந்த டயலாக் ஓடுகிறதே! எனக்கு அந்தத் தேதிகள் வேறு மாதிரிதான் படுகின்றன. அத்தனை பிரஷரையும் மீறித்தான் அவ்வளவு வந்தது. அது இல்லாமல் என்ன வந்திருக்கும் என்பதை நாம் பார்க்கவே இல்லை.

2017-ல் லெவான் சிகுரிஷ்விலி இயக்கிய 'ட்ரூ ஸ்டோரீஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஆஸ்பத்திரி படுக்கையிலும் லேப்டாப், பேட்டி, போன். இப்படியே போனால் நான் பிழைக்க மாட்டேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன் என்கிற அர்த்தத்தில் கேமரா முன்னால் அவரே பேசுகிறார். அலறல் இல்லை, அழுகை இல்லை. சலித்துப்போன குரலில், ஏற்கெனவே பத்து மெயில் போட்டுப் பதில் வராத ஆள் பதினொன்றாவது மெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

'அப்போ ஏன் நிறுத்தலை?'

நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கில் சம்பாதித்தவர், கையெழுத்துப் போட்டதும் அவர்தான், யாரும் சங்கிலி போட்டுக் கட்டவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

இதே கேள்விக்கு நல்ல எதிர் உதாரணமும் அதே 2013-ல் இருக்கிறது. அந்தக் கோடையில் 'வேக் மீ அப்'போடு போட்டி போட்ட பாட்டு டாஃப்ட் பங்க்கின் 'கெட் லக்கி'. அந்த பிரெஞ்சு ஜோடி அந்த ஆல்பத்துக்கு டூரே போகவில்லை. அடுத்த வருஷம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். முழு கரியரில் அவர்கள் பெரிதாக டூர் போனதே 1997-லும் 2006-07-லும்தான். ஆக, போகாமலும் இருக்கலாம். ஆனால், அந்த நேரம் அவர்களுக்கு இருபது வருஷப் பெயர் பின்னால் இருந்தது. முகத்தைக்கூடக் காட்டாமல் ஹெல்மெட்டுக்குள் இருந்து பேரம் பேசும் பலம் இருந்தது. இருபத்து மூன்று வயசுப் பையனுக்கு, ஒரு வருஷம் காணாமல் போனால் கூட்டம் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்றுதான் சுற்றியிருக்கும் எல்லாரும் சொல்வார்கள். அந்த வயதில் 'முடியாது' என்று சொல்வதற்கும் ஒரு முதலீடு வேண்டியிருக்கிறது.

கடைசியில் நிறுத்தினார் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2016 மார்ச்சில், 26 வயதில், இந்த வருஷத்தோடு மேடையை விடுகிறேன் என்று தன் தளத்தில் கடிதம் எழுதினார். உலகம் சுற்றி வாசிக்கக் கிடைத்தது பாக்கியம்தான், ஆனால் கலைஞனுக்குப் பின்னால் இருக்கும் மனுஷனுக்கு மிச்சம் ரொம்பக் குறைவு என்பதுதான் அதன் சாரம். 2016 ஆகஸ்ட் 28, இபிசாவின் உஷுவாயா கிளப்பில் கடைசி ஷோ. எட்டு வருஷத்தில் 800-க்கும் மேல் மேடைகள். செய்திகள் அதற்கு வைத்த தலைப்பு 'ஓய்வு பெற்றார்'. எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. அவர் விட்டது இரண்டு வேலையில் ஒன்றைத்தான். மற்றதைத் தொடர்ந்து செய்தார். 2017 ஆகஸ்டில் ஆறு பாட்டுகளோடு ஒரு தொகுப்பு வந்தது. அடுத்த ஆல்பமும் பாதிக்கு மேல் கையில் இருந்தது.

2018 ஏப்ரல் 20 அன்று ஓமன் தலைநகர் மஸ்கட்டில் இறந்தார். தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். வயசு 28.

இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'டூர்தான் அவரைக் கொன்றது' என்று ஒரு வரியில் எழுதுவது எளிது, நிறைய பேர் எழுதினார்கள். மேடையை விட்டு இருபது மாதம் ஆன பிறகு நடந்தது அது. ஒருவரின் உயிரை அவரே எடுத்துக்கொள்வதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது என்பதைத்தான் மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நான் கேட்பது அந்த ஒரு நாளைப் பற்றி இல்லை. அதற்கு முந்தைய எட்டு வருஷத்தைப் பற்றி. அவர் இன்றைக்கு உயிரோடு, நலமாக இருந்திருந்தாலும் அந்த எட்டு வருஷம் சரி ஆகிவிடாது. (இதைப் படிக்கும் யாருக்காவது மனசு பாரமாக இருந்தால், தயங்காமல் பேசுங்கள். டெலி-மானஸ் எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.)

இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

கொஞ்சம். 2013, 2014 இரண்டு வருஷமும் டிஜே மேக் பட்டியலில் முதலிடத்தில் இருந்த நெதர்லாந்துக்காரர் ஹார்ட்வெல், 2018 செப்டம்பரில் எல்லா ஷோக்களையும் காலவரையின்றி நிறுத்தினார். அவீச்சி இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. காணாமல் போய்விடுவார் என்றார்கள். 2022 மார்ச்சில் அல்ட்ரா மியாமியில் புது செட்டோடு திரும்பி வந்தார், கூட்டம் அப்படியேதான் இருந்தது. மூன்றரை வருஷம்! 'ஒரு வருஷம் போனால் மறந்துவிடுவார்கள்' என்ற பயமுறுத்தல் எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நடுவில் கொரோனா வந்து உலகத்தின் எல்லா மேடையையும் மூடியபோது, மேடையை மட்டுமே நம்பிய டிஜேக்களின் நிலை என்ன ஆனது என்பதையும் பார்த்தோம்.

ஆனால், கணக்கு மாறவில்லை. ஸ்ட்ரீமிங்கில் இன்றைக்கும் ஒரு தடவை ஓடினால் வருவது காசின் சிதறல்தான். இன்றைக்கும் ஒரு புது புரொட்யூசரிடம், பாட்டு ஹிட்டானால் அடுத்த நாள் வரும் முதல் போன் புக்கிங் ஏஜென்ட்டுடையதுதான். தனிமனித ஒழுக்கம், யோகா, தியானம் என்று அறிவுரை சொல்வதைவிட உருப்படியான விஷயம் ஒன்று இருக்கிறது. அது ஒப்பந்தம். மாதத்துக்கு இத்தனை ராத்திரிக்கு மேல் இல்லை, இரண்டு விமானத்துக்கு நடுவில் இத்தனை மணி நேரத் தூக்கம், டாக்டர் சொன்னால் ரத்து செய்ய அபராதம் இல்லை, டேபிளில் மது வேண்டாம் என்றால் வேண்டாம். கலைஞர் ஸ்டூடியோவில் இருக்கும் மாதங்களுக்கும் மேனேஜருக்கு ஏதாவது ஒரு பங்கு இருக்கட்டும், அவருக்கும் ஷோ இல்லாத மாதத்தின் மேல் ஆசை வரட்டும். மேடையில் எந்தக் கம்பெனி தண்ணி பாட்டில் வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வாங்கும் தொழிலுக்கு இந்த நாலு வரியை எழுதுவது பெரிய வேலையே இல்லை.

டிக்கெட் வாங்கும் நமக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. கோவாவில் 2007-ல் ஆரம்பித்த சன்பர்ன் மாதிரி ஃபெஸ்டிவல்களுக்கு நண்பர்களோடு போய் வருபவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். யாராவது ஒரு டிஜே உடல்நிலை காரணமாக ஷோவை ரத்து செய்தால் கமென்ட் பாக்ஸில் முதலில் விழுவது என்ன? 'ரீஃபண்ட் எப்போ?' அதைக் கேளுங்கள், தப்பில்லை, உங்கள் காசு. அதற்கு அடுத்த வரியில் வருமே, 'பட்டன் அமுக்குறதுக்குக்கூட முடியலையா?' என்று, அதைத்தான் சொல்கிறேன்.

அவர் முடிக்காமல் விட்ட பாட்டுகளை, அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் முடித்து 2019 ஜூனில் 'டிம்' என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். அதன் வருமானம் அவருடைய குடும்பம் மனநலத்துக்காகத் தொடங்கிய அறக்கட்டளைக்கு. 2021-ல் ஸ்டாக்ஹோமின் பெரிய உருண்டை அரங்கத்துக்கு 'அவீச்சி அரீனா' என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் பாப்ஹவுஸ் என்ற சுவீடன் நிறுவனம் அவருடைய பதிவுகளிலும் பாட்டுரிமையிலும் 75 சதவீதத்தை வாங்கியது. யாரும் மேடை ஏறாமலே, யாரும் விமானம் பிடிக்காமலே அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் சம்பாதித்துக்கொண்டிருக்கின்றன.

அதே 2022 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் அவருக்கென்று ஒரு கண்காட்சியகமும் திறந்தார்கள். மியாமி மேடையும் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் வருவது அவர் பையனாக உட்கார்ந்திருந்த அறை. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர்.